உதிர்ந்த முடியும் கணக்கில் இருக்கிறது

ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை வேளாங்கண்ணியில் கால் வைக்க இடம் இருக்காது. தெரிந்தும் அக்கா அப்போதுதான் போக வேண்டும் என்றாள். கீமோவில் கொட்டிய முடி திரும்ப முளைத்தால் முதல் முடி ஆரோக்கிய மாதாவுக்கு என்று அம்மா நேர்ந்திருந்தாள். முளைத்தது இன்னும் காதைக்கூட தொடவில்லை. "கொஞ்சம் வளரட்டுமே அக்கா" என்றேன். கேட்டால்தானே!

பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் லாட்ஜ் புரோக்கர்கள் பையைப் பிடித்து இழுக்கிறார்கள். கும்பிட வந்தவர்களிடம் இப்படியா? சரி, விடுங்கள்.

மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் அம்மா முழங்காலிலேயே போனாள். வெயிலில் மணல் கொதித்தது. நாங்கள் தடுத்தும் நிற்கவில்லை. நேற்றுவரை நோயாளியாக இருந்த அக்கா கூடவே நடந்து குடை பிடித்தாள்.

அப்புறம் மொட்டை. ஈரத் தலையில் கத்தி ஓட, அந்தக் குட்டை முடி அக்காவின் மடியில் விழுந்தது. மருத்துவமனைத் தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்ததைப் பார்த்து அழுதவள், இப்போது சிரித்துக்கொண்டிருந்தாள். நம் தலைமுடியெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று மத்தேயு 10-இல் ஆண்டவர் சொல்கிறாரே, அந்தத் தலையணை முடியையும் எண்ணியிருப்பார் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

அதற்கு முந்தைய வசனம் சிட்டுக்குருவியைப் பற்றியது. குருவி விழாது என்று இயேசு வாக்குக் கொடுக்கவில்லை. தந்தையை விட்டு அது தனியாக விழுவதில்லை என்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் அம்மாவும் எங்களைப்போலவே செபமாலை உருட்டினாள். அந்தப் பெண் வீடு திரும்பவில்லை. ஏன் என்று மாதாவிடம் பலமுறை கேட்டுவிட்டேன். மகனைச் சிலுவையடியில் நின்று பார்த்தவளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

பீடத்தின் முன் கூட்டம் நெருக்கித் தள்ளியது. சேலை உடுத்தி நிற்கும் தாயைக் கண்ணாரப் பார்ப்பதற்குள் பின்னாலிருந்து "மரியே வாழ்க" என்று முழக்கம். மனதில் அடுக்கி வைத்திருந்த விண்ணப்பமெல்லாம் பறந்துவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர் வாயில் வந்தது, பிறகு அக்காவின் பெயர். நன்றி தாயே, நன்றி. அவ்வளவுதான் முடிந்தது.

வெளியே வந்ததும் அம்மா, அடுத்த வருடம் நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டாள். "முதலில் முழங்காலுக்கு மருந்து போடு" என்றாள் அக்கா, மொட்டைத் தலையில் சந்தனத்தைத் தடவிக்கொண்டே.