எங்கள் தாத்தா செய்த கொலை

லால்குடி அஞ்சலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி, ஒரு மணியார்டரைக்கூட ஒரு நாள் தாமதப்படுத்தாமல் ஓய்வுபெற்ற எங்கள் தாத்தா, சமையல்காரப் பெண் ஒருத்தியைச் சுவருக்குள் நிறுத்தி உயிரோடு பூசிக் கொன்றுவிட்டார் என்ற செய்தியைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சியில் குடும்பத்தோடு அமர்ந்து தெரிந்துகொண்டோம். தெரிந்துகொள்வதற்கு ஆளுக்கு 120 ரூபாய் கொடுத்தோம். வண்டி நிறுத்துவதற்கு 20 ரூபாய் தனி.

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அது எல்லோருக்கும் மறந்துவிடும் என்பது ஒரு காரணம். அதில் சித்தப்பா மகன் கலை உதவியாளனாக வேலை பார்த்திருக்கிறான் என்பது இன்னொரு காரணம். நாங்கள் போனதே அதற்காகத்தான். இல்லாவிட்டால், ஐந்து பேர் வாயைப் பிளந்து நிற்க, அவர்களுக்குப் பின்னால் ஒரு பெண் கூந்தலை முன்பக்கம் போட்டுக்கொண்டு நிற்கும் சுவரொட்டியைப் பார்த்து என் மனைவி வீட்டைவிட்டுக் கிளம்புகிறவள் அல்ல. நாலு ஆண்டுகளாகச் சாலிகிராமத்தில் ஓர் அறையில் ஆறு பேரோடு படுத்துக்கொண்டு, “இந்தப் படத்துல என் பேர் வரும்” என்று முதன்முறையாகச் சொல்லியிருக்கிறான் பையன். சித்தி அன்று காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டார். சித்தப்பா மட்டும் முழங்கால் வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டார். அது முழங்கால் வலி அல்ல, பையன் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்ட வலி என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

குறைந்த செலவில் பேய்ப்படம் எடுப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 2005-இல் ‘சந்திரமுகி’யும் 2011-இல் ‘காஞ்சனா’வும் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பிறகு, கையில் கொஞ்சம் காசு சேர்ந்த எவருக்கும் பேயையும் சிரிப்பையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்ட வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். கணக்கும் சரியாகத்தான் வருகிறது. ஒரே ஒரு பாழடைந்த பங்களா, ஐந்து நடிகர்கள், கொஞ்சம் புகை, ஒரு சவுரி முடி. பெரிய நட்சத்திரத்துக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை, ஏனென்றால் பேய்தான் நட்சத்திரம். ஆனால் பேய்ப்படத்தில் பேயாவது பயமுறுத்த வேண்டும், அல்லது கூட இருப்பவர்களாவது சிரிக்க வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் தவிர்ப்பதற்குத் தனித்திறமை வேண்டும்.

புதையலைத் தேடி ஐந்து இளைஞர்கள் ஒரு ஜமீன் பங்களாவுக்கு வருகிறார்கள். இதற்குமேல் கதையை நீங்களே சொல்லிக்கொள்ளலாம். இயக்குநரும் அப்படித்தான் செய்திருக்கிறார். நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று திரையில் எழுத்துப் போட்டுக் காட்டினார்கள். அந்த நள்ளிரவில் பேய் முற்றத்தைக் கடந்து நடந்தபோது அதன் நிழல் காலடியில் கச்சிதமாகச் சுருண்டு கிடந்தது. பகலில் எடுத்துவிட்டு நீல நிறத்தை ஏற்றி இரவாக்கும் பழைய வித்தைதான். ஆனால் அந்த வித்தையைச் செய்பவர்கள் உச்சிவெயிலைத் தவிர்ப்பார்கள். வெயில் தாங்காமல் பேய் ஒரு கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு வந்ததை, ஏதோ சோகத்தில் இருக்கிறது போலும் என்று சித்தி இரக்கத்தோடு பார்த்தார். கதவு கிறீச்சிடும் ஒலி ஒன்றே ஒன்றைத்தான் வாங்கியிருந்தார்கள். மரக்கதவு, இரும்புக்கதவு, ஓரிடத்தில் குளிர்சாதனப் பெட்டி என எதைத் திறந்தாலும் அதே ஒலி வந்தது. மகள் எண்ணிக்கொண்டே வந்தாள், இடைவேளைக்குள் பதினான்கு. சிரிப்புக்கு வேண்டிய ஏற்பாடாக, ஒருவரை மற்றவர் அறைந்துகொண்டே இருந்தார்கள். ‘யு/ஏ 13+’ என்று சான்றிதழில் இருந்ததைக் கண்டு, மகளுக்குப் பன்னிரண்டு வயதுதானே ஆகிறது என்று முதலில் யோசித்தேன். அவளுக்கு எந்தக் கெடுதியும் நேரவில்லை, கணக்குதான் கொஞ்சம் வளர்ந்தது.

பேய் வரும்போதெல்லாம் புகை வந்தது. முதல் முறை வந்தபோதே அத்தை என் காதருகில், “ஏன்டா, இது சாம்பிராணிப் புகை மாதிரி சுருள் சுருளா இல்ல போகுது? சாம்பிராணி போட்டா பேய் ஓடித்தானே போகும்?” என்று கேட்டார். நான் புகைக்கு இயந்திரம் இருக்கிறது என்று விளக்கினேன். இரவு பையனைத் தொலைபேசியில் கேட்டபோதுதான், இயந்திரம் இரண்டாம் நாளே பழுதாகிவிட்டதாகவும், தூபக்கால் வைத்துச் சமாளித்ததாகவும், அந்தத் தூபக்காலும் நம் வீட்டுடையதுதான் என்றும் சொன்னான். பேய் மூன்று இடங்களில் இருமியது நடிப்பு அல்ல.

நம் வீட்டுடையது என்ற அந்தச் சொல்லுக்கு இனிமேல்தான் வருகிறேன். திரைப்பட மொழியில் காட்சிக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் ‘ப்ராப்பர்ட்டி’ என்று பெயர். பெரிய படங்களில் அவற்றை வாடகைக்கு எடுப்பார்கள். சின்னப் படங்களில் கலை உதவியாளனைப் பார்த்து, “எங்கிருந்தாவது கொண்டு வா” என்று சொல்வார்களாம். எங்கள் பையனுக்குத் தெரிந்த எங்கிருந்தாவது, உறையூரில் உள்ள இந்த வீடு ஒன்றுதான்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் இளைஞர்கள் தரையைத் தோண்டிப் புதையல் குடத்தை எடுத்தார்கள். முன்னூறு ஆண்டு பழமையான குடம் என்று ஒருவன் கண்களை விரித்துச் சொன்னான். இசை உயர்ந்தது, குடம் மெதுவாகச் சுழன்றது, சுழன்று நின்ற இடத்தில் அதன் கழுத்தில் வெட்டியிருந்த எழுத்துகளை மகள் அரங்கம் முழுவதும் கேட்கும்படி வாசித்தாள்: “ஒன்பது, ஆறு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று.” அது சித்தியின் திருமண நாள். தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளைக் குடம். ஈயம் பூசி வாங்கி வருகிறேன் என்று சென்ற ஆண்டு பையன் எடுத்துப் போனது. ஈயம் பூசுகிறவர் ஊருக்குப் போய்விட்டார் என்று நான்கு மாதம் சொல்லிக்கொண்டிருந்தான். சித்திக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, குடத்துக்குள்ளிருந்து பொற்காசுகளை அள்ளி அள்ளி எடுப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் தணிந்து, “புளி போட்டுத் தேய்ச்சிருக்கான், பாரேன், எப்படி மின்னுது” என்று என் மனைவியிடம் சொன்னார். அதன் பிறகு நாங்கள் படம் பார்க்கவில்லை, வீட்டுச் சாமான் கணக்கெடுத்தோம். பேய் போர்த்தியிருந்தது எங்கள் சோலாப்பூர் போர்வை. பூசாரி அமர்ந்தது கூடத்து மணை. பின்வரிசையில் இருந்த ஒருவர், “அங்க என்னங்க சிரிப்பு, என்ன காமெடி வந்துச்சு?” என்று கேட்டார். தவறவிட்டுவிட்டோமோ என்ற ஏக்கம் அவர் குரலில் இருந்தது.

தாத்தா வந்தது இரண்டாம் பாதியில். ஜமீன்தாரின் படம் மாட்டியிருந்த அறைக்குள் கைவிளக்கோடு நுழைகிறார்கள். ஒளி மேலே ஏறுகிறது. அங்கவஸ்திரம், சந்தன மாலை, பிறகு அந்த மீசை. ஓய்வுபெற்ற அன்று ஸ்டூடியோவில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்துக்கொண்ட படம் அது; கண்ணாடி இல்லாததால் எதிரே இருப்பது புலப்படாமல் சற்று முறைத்தாற்போல் இருப்பார். அந்த முறைப்புதான் அவருடைய விதியை முடிவு செய்திருக்கிறது. பேய் விரலை நீட்டி, “இந்தப் படுபாவிதான்!” என்றது. நாங்கள் ஐந்து பேரும் மூச்சுவிடவில்லை. அத்தை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முன்வரிசைக்காரரின் தோளைத் தட்டி, நிதானமாக, “அது எங்க அப்பா” என்றார். அந்த மனிதர் அத்தையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தம் மனைவியையும் அழைத்துக்கொண்டு இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார். படம் முழுவதிலும் ஒருவர் உண்மையாகப் பயந்த இடம் அது ஒன்றுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், தாத்தாவுக்குப் பேய் என்றால் ஆகாது. அத்தை தலை ஆடிக்குப் பிறந்தகம் வந்திருந்தபோது லால்குடிப் பக்கம் ஏதோ டூரிங் கொட்டகையில் 1978-இல் வெளிவந்த ‘ஜெகன்மோகினி’யை ஓட்டியிருக்கிறார்கள், மகள் ஆசைப்பட்டாளே என்று அழைத்துப் போயிருக்கிறார். பேய் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்புக்குள் நீட்டிச் சமைக்கும் காட்சியில் துண்டால் முகத்தை மூடியவர், சுபம் போட்ட பிறகுதான் எடுத்தாராம். ஒரு வாரம் இரவில் கொல்லைப்பக்கம் போவதற்குப் புதுப்பெண்ணான அத்தைதான் அரிக்கேன் விளக்கோடு துணைக்குப் போயிருக்கிறார். அதை எடுத்த விட்டலாச்சார்யாவும் சிக்கனத்துக்குப் பேர்போனவர்தான். தகராறு செய்யும் நடிகரை அடுத்த காட்சியிலேயே கிளியாகவோ ஆடாகவோ மாற்றிவிட்டு மீதியை எடுத்து முடித்துவிடுவார் என்று ஒரு கதை உண்டு. ஓர் அடுப்பும் இரண்டு காலும் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் பாதியை எடுத்துப் போன இவர்களுக்குத் தெரியவில்லை.

உச்சக்காட்சியில் பேய் படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்தது. கண்ணாடி சுக்குநூறாகச் சிதறுவதை மூன்று கோணங்களில் மெதுவோட்டத்தில் காட்டினார்கள்; செலவு செய்த ஒரே காட்சி அதுதான் என்று நினைக்கிறேன், அந்தச் செலவும் எங்களுடையது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. படத்துக்குப் பூஞ்சை பிடிக்கிறது, சுத்தம் செய்து வாங்கி வருகிறேன் என்று எடுத்துப் போன பையன், இரண்டு மாதம் கழித்துப் புதுச் சட்டமும் புதுக் கண்ணாடியும் போட்டுக் கொண்டுவந்து மாட்டினான். “இந்தக் காலத்துல யாருக்கு இவ்வளவு பொறுப்பு இருக்கு” என்று அத்தை அவன் கையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். அந்த ஐந்நூறையும் அவன் வாங்கிக்கொண்டான்.

படம் முடிந்ததும் அவன் பெயரைப் பார்ப்பதற்காக எழுந்து நின்றோம். பெயர்கள் ஓடத் தொடங்கிய கணத்தில் திரையை நிறுத்தி, விளக்கைப் போட்டு, துடைப்பத்தோடு ஓர் அம்மா உள்ளே வந்துவிட்டார். சித்தி வெள்ளைத் திரையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நானூறு பேர் உட்காரும் அரங்கில் பத்தொன்பது பேர் சிந்திய சோளப்பொரியைக் கூட்டுவதற்கு அப்படி என்ன அவசரம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பையனைத் தொலைபேசியில் பிடித்து நான் கேட்டவற்றை இங்கே எழுத முடியாது. குடும்ப மானம், தாத்தாவின் முப்பத்தோரு ஆண்டுச் சேவை, ஐந்நூறு ரூபாய் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தபோது அத்தை கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினார். பையன் மறுமுனையில் அழுதுவிட்டிருப்பான் என்றே நினைக்கிறேன். அத்தை ஒன்றுதான் கேட்டார்: “அப்பாவுக்கு இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கும்டா. அதை நீ பார்த்தியா?”

வீட்டில் அந்தப் படம் நிலைப்படிக்கு மேலே, எட்டாத உயரத்தில் மாட்டியிருக்கிறது. எழுபதைத் தொடும் அத்தையின் கண்ணுக்கு அங்கே மீசை தெரிந்தாலே பெரிது. சிறு வயதில் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து மாரியம்மன் கோவில் தேர் பார்க்கப் போகும்போது, அந்த மச்சத்தை விரலால் தடவிக்கொண்டே இருப்பாராம். அப்படி ஒன்று இருந்ததே மறந்துபோய்விட்டதாம். திரையில் தாத்தாவின் முகம் வீட்டுக் கதவைவிடப் பெரிதாக வந்தபோது, அது நகத்தளவு அல்ல, ஒரு தாம்பாளம் அளவுக்கு இருந்திருக்கிறது. பேய் எதற்காகத் திட்டியது என்பதையெல்லாம் அவர் கவனிக்கவே இல்லை. “அவ சட்டுனு கீழே போட்டு உடைச்சிட்டா. இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம்” என்பது மட்டும்தான் அவருடைய விமர்சனம். படத்தைக் கழற்றிக் கையில் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அதில் சின்னதாகத் தெரியும் என்று சொல்லிவிட்டார்.

ஆகவே நேற்று, புதன்கிழமை, மறுபடியும் போனோம். மனைவி வர மறுத்துவிட்டாள். அவள் பக்கம்தான் நியாயம். அதிசயமாகச் சித்தப்பா, முழங்கால் வலி இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். போய் இறங்கினால், நுழைவுச்சீட்டு கொடுக்கும் பையன், பத்துப் பேராவது சேர்ந்தால்தான் படத்தை ஓட்டுவோம் என்றான். நான், மகள், அத்தை, சித்தி, சித்தப்பா என்று நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். எங்களைத் தவிர, யாருமே வராத படம் என்று விசாரித்து வந்திருந்த ஒரு காதல் ஜோடி. ஏழு. பதினைந்து நிமிடம் வாசலில் நின்று சாலையைப் பார்த்தோம். ஒருவரும் வரவில்லை. அத்தை எதுவும் கேட்கவில்லை, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

960 ரூபாய் கொடுத்து எட்டுச் சீட்டு வாங்கினேன். உள்ளே போகும்போது நுழைவுச்சீட்டுப் பையன் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, “மீதி மூணு பேர் எங்க சார்?” என்றான். வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். படம் முழுவதும் அவன் கதவோரமாக நின்று, திரையைப் பார்க்காமல், எங்கள் பக்கத்தில் காலியாக இருந்த மூன்று இருக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.