எம்டனும் எங்கள் பௌதிக ஆய்வுகூடமும்

வகுப்பில் குழப்படி செய்பவனை "நீ பெரிய எம்டன்தான்" என்று ஏசுவது எங்கள் காலத்துப் பெரியவர்களின் வழக்கம். அந்தச் சொல் ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்பதை, 1974இல் உயர்தர வகுப்பில் எங்களுக்குப் பௌதிகவியல் கற்பித்த மாஸ்டர்தான் முதலில் சொன்னார்.

அன்று அவர் தூண்டற் சுருளின் இரு முனைகளுக்கிடையே தீப்பொறி பறக்கவிட்டார். அறையின் மறுகோடியிலிருந்த சிறிய றேடியோ, எந்த நிலையத்துக்குத் திருப்பினாலும், ஒவ்வொரு பொறிக்கும் கரகரத்தது. "பொறிக்கு இரகசியம் காக்கத் தெரியாது" என்று கூறிவிட்டு மாஸ்டர் முதலாம் உலகப்போர் தொடங்கிய 1914க்குப் போனார்.

கப்டன் கார்ல் ஃபொன் முல்லரின் எம்டன், போலியாக நான்காவது புகைபோக்கியொன்றைக் கட்டிக்கொண்டு வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களைப் பிடித்ததையும், செப்ரெம்பர் 22ஆம் திகதி இரவு சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்ததையும் நாங்கள் வாய்பிளந்து கேட்டோம். மாஸ்டருக்கோ பீரங்கிகளில் அவ்வளவு அக்கறை இல்லை. இதே போன்ற தீப்பொறியால் செய்தி அனுப்பிய தன் கம்பியில்லாத் தந்தியைப் பெரும்பாலும் மௌனமாக வைத்து, பிறர் அனுப்பும் செய்திகளை ஒட்டுக்கேட்டே அக்கப்பல் தப்பித்திரிந்தது என்பதைத்தான் அவர் அழுத்திச் சொன்னார்.

நவம்பர் 9ஆம் திகதி காலை, இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவுகளிலிருந்த தந்தி நிலையத்தை அழிக்க எம்டனிலிருந்து ஏறத்தாழ 50 பேர் கரையிறங்கினர். ஆனால் அந்நியக் கப்பல் வந்திருப்பதாக நிலையத்தார் அதற்கு முன்பே செய்தி அனுப்பிவிட்டனர். எம்டன் தன் தந்தியின் தீப்பொறியால் இரைச்சல் எழுப்பியும் அதைத் தடுக்க முடியவில்லை. வந்தவர்கள் கம்பியில்லாத் தந்திக் கம்பத்தைச் சாய்த்தபோது, அது ரெனிஸ் மைதானத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி நிலையத்தார் கேட்க, அவர்களும் இணங்கினார்களாம். பௌதிகச் சமன்பாடுகள் பல மறந்துபோன எனக்கு இது மட்டும் மறக்கவில்லை.

அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளைக் கொழும்பு நோக்கிக் காவலுடன் அழைத்துச் சென்ற 'சிட்னி' என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பல், ஏறத்தாழ 50 கடல்மைல் தொலைவிலிருந்து அச்செய்தியைக் கேட்டு விரைந்து வந்தது. அதன் 6 அங்குலப் பீரங்கிகளுக்கு எம்டனின் சிறிய பீரங்கிகள் ஈடுகொடுக்கவில்லை. முல்லர் கப்பலை வட கீலிங் தீவின் பாறைகளில் ஏற்றினார்.

"அன்றும் மௌனமாக இருந்திருக்கலாமே, சேர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். நிலக்கரி ஏற்றிய பூரெஸ்க் என்ற கப்பலை வரவழைக்க எம்டன் தானே வாய்திறக்க நேர்ந்தது என்றும், அந்த ஒலி நிலையத்தாருக்கும் கேட்டது என்றும் மாஸ்டர் விளக்கினார். கேள்வி கேட்டவனுக்கு அன்றே 'நிலக்கரி' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது கனடாவின் ஸ்காபரோவில் மின்பொறியியலாளனாக இருக்கும் அவனை நாங்கள் இன்னும் அப்படித்தான் அழைக்கிறோம்.