பாலத்தை நான் பாத்துக்கறேன்

முதல் தடவை அவரை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனப்ப அவர் தண்ணிக்கு முதுகைக் காட்டிட்டு நின்னாரு. கையில ஒம்பதடி மீன்பிடி ராட், கால்ல தண்ணியில நிக்கறதுக்குப் போடற ரப்பர் வேடர்ஸ், முழங்கால் அளவு தண்ணி, முன்னாடி அவ்வளவு அழகான ஆறு. மனுஷன் மட்டும் ரோட்டுப் பாலத்தையே பாத்துட்டு நிக்கறாரு. ஒவ்வொரு கார் போகும்போதும் கண்ணு அது கூடவே போய் அது மறையற வரைக்கும் நின்னுட்டுத் திரும்புது.

நான் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஊர்ல சொன்னா பிசியோவான்னுதான் கேப்பாங்க, ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வேலைதான், ஆனா அது இல்ல. கை போனவங்க, பக்கவாதம் வந்தவங்க, இவங்கள்லாம் திரும்ப சட்டைப் பட்டன் போடணும், சமைக்கணும், வேலைக்குப் போகணும்னா அதுக்குப் பழக்கறது எங்க வேலை. அமெரிக்கால மேரிலாண்ட் பக்கம் முன்னாள் ராணுவத்தினருக்கான ஒரு மருத்துவமனையில பல வருஷமா இருக்கேன். இங்க வர்றவங்களை வெட்டரன்ஸ்னுதான் சொல்லுவாங்க, நானும் அப்படியே எழுதறேன். ஆட்களோட அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன், நடந்தது மட்டும் மாறல.

அவர் ஈராக் போயிட்டு வந்தவர். இடது கை முழங்கைக்குக் கீழ இல்ல. கிளினிக்ல எந்த நாற்காலியில உக்காருவாருன்னு எங்க எல்லாருக்கும் தெரியும், முதுகு சுவத்துல ஒட்டணும், கண்ணு வாசல்ல இருக்கணும். பிடிஎஸ்டி, அதாவது போர் மாதிரி பயங்கரத்தைப் பாத்தப்புறம் மனசுல தங்கிடற பாதிப்பு, அது இருக்கிற நிறைய பேர் அப்படித்தான், உடம்பு இன்னும் காவல்லயே நிக்கும். ஆறு மாசம் நான் அவர்கிட்ட சொன்னதெல்லாம் ஒரே விஷயம்தான், இங்க ஆபத்து எதுவும் இல்ல, நீங்க பத்திரமா இருக்கீங்க. அவரும் மரியாதையா "யெஸ் மேம்"னு சொல்லுவாரு. நாற்காலி மாறல. நான் குடுத்த பயிற்சியும் அப்படித்தான் போச்சு. செயற்கைக் கையில சின்னச் சின்ன மரக்கட்டையை எடுத்து அந்தப் பக்கம் வை, திரும்ப இந்தப் பக்கம் வை. ஒரு நாள் கேட்டாரு, "இது எதுக்கு மேம்?" கிரிப் ஸ்ட்ரெங்த்னு சொன்னேன். "சரி, அந்த கிரிப்பை வச்சு நான் என்ன பிடிக்கப் போறேன்?" எனக்குப் பதில் வரல.

அப்பதான் செவ்வாய்க்கிழமை சாயந்தரம் கீழ் மாடி ஹால்ல நடக்கற ஃப்ளை டையிங் வகுப்புக்கு, அதாவது மீன் பிடிக்கப் பொய்ப் பூச்சி கட்டற வகுப்புக்கு, அவரைக் கூட்டிட்டுப் போனேன். இதோட பின்னணி கொஞ்சம் சொல்லணும். எட் நிக்கல்சன்னு ஒரு ஓய்வுபெற்ற கடற்படை கேப்டன், வாஷிங்டன்ல இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்கு ஆபரேஷனுக்குப் போயிருந்தப்ப, ஈராக்லயும் ஆப்கானிஸ்தான்லயும் கை கால் இழந்துட்டு வந்த சின்னப் பசங்களை அங்க பாத்திருக்காரு. தனக்கு மீன் பிடிக்கப் போனா மனசு லேசாகும், இவங்களையும் கூட்டிட்டுப் போனா என்னன்னு தோணியிருக்கு. 2005ல ஆரம்பிச்ச அந்த ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ், மருத்துவமனைப் புல்வெளியில ராட் வீசக் கத்துக்குடுக்கறதுல தொடங்கி இன்னிக்கு நாடு முழுக்க வெட்டரன்ஸ் மருத்துவமனைகள்ல நடக்குது. கத்துக்குடுக்கறவங்க பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், அதுல பாதிக்கு மேல பழைய பட்டாளத்துக்காரங்கன்னு என் கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்லுவேன்.

நம்ம ஊர் தூண்டில் மாதிரி இல்ல இது. எங்க தாத்தா தாமிரபரணிக் கரையில உக்காந்து மண்புழு குத்தி, தக்கை அமுங்குதான்னு பாத்துட்டே இருப்பாரு, மாட்டினா நேரா குழம்புக்குத்தான். இங்க இரைன்னு ஒண்ணு கிடையாது. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளுல சுத்திப் பூச்சி மாதிரி கட்டறதுதான் ஃப்ளை. அதுக்கு எடையே இல்லாததால லைனே கனமா இருக்கும், அந்த லைனைத்தான் சாட்டை மாதிரி பின்னாடி வீசி முன்னாடி கொண்டு வரணும். பிடிச்ச மீனை ஈரக் கையால தொட்டு, திரும்பத் தண்ணியிலயே விட்டுடுவாங்க. என் அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னப்ப ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "பாவம், விட்டுடறது நல்லதுதான்"ன்னாங்க.

அந்த ஹால்ல ஒரு நீள மேஜை, ஒவ்வொருத்தர் முன்னாடியும் முள்ளைக் கவ்விப் பிடிக்கற ஒரு சின்ன வைஸ், ஒரு விளக்கு. புதுசா வர்றவங்களுக்கு ஊலி பக்கர்னு ஒரு ஃப்ளைதான் முதல் பாடம். முள்ளுத் தண்டுல நூல் சுத்தி, மராபூன்னு பஞ்சு மாதிரி இருக்கற இறகை எச்சில் தொட்டு ஒண்ணு சேத்து வாலா கட்டி, கம்பளிக் கயிறு மாதிரி இருக்கற ஷெனீலை உடம்புக்குச் சுத்தி, மேல கோழி இறகைச் சுருளாச் சுத்தி, கடைசியில தலையில முடிச்சு. ரெண்டு கை இருக்கறவங்களுக்கே முதல் நாள் வேர்க்கும். அவர் ஒத்தக் கையால எப்படிச் செய்வாருன்னு நான் ராத்திரி முழுக்க யோசிச்சு வச்சிருந்தேன், ஆனா வழி அந்தக் கருவியிலயே இருந்துச்சு. நூல்கண்டைப் பிடிச்சிருக்கற பாபின்னு ஒரு கம்பி, கையை விட்டா அது கீழ தொங்கும், தொங்கற எடையே நூலை இழுத்துப் பிடிச்சுக்கும். முள்ளுக்கு மேல கொண்டு போய் அந்தப் பக்கம் விட்டுட்டு, அதே கையால கீழ வந்து எடுத்துக்கலாம், நடுவுல எவ்வளவு நேரம் ஆனாலும் நூல் அவிழாது. இதை அவர் தானா கண்டுபிடிச்சாரு. அன்னிக்கு அவர் முகம் எப்படி இருந்துச்சுன்னா, நான் ஆறு மாசமா மரக்கட்டை வச்சுத் தேடினது அங்க இருந்துச்சு.

ரெண்டாவது வாரம் நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். கடைசி முடிச்சு போடறப்ப நூல் வழுக்கி அவிழப் போச்சு, தெரபிஸ்ட் கை சும்மா இருக்குமா, டக்குனு போய் பிடிச்சு முடிச்சும் போட்டுட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல. மெதுவா விளக்கை அணைச்சுட்டுக் கிளம்பிட்டாரு. மூணு வாரம் வரல. எதிர்ல உக்காந்திருந்த பெரியவர், வியட்நாம் போயிட்டு வந்தவர், எல்லாரும் சார்ஜென்ட்டைச் சுருக்கி சார்ஜ்னு கூப்பிடுவாங்க, என்கிட்ட தனியா வந்து சொன்னாரு, "மேம், அவன் நூல் அவிழ்ந்தா அவிழட்டும். அது அவனோட நூல்." படிப்புலயும் சொல்லிக் குடுத்த விஷயம்தான், பேஷண்ட் செய்யறதை நீ செய்யாதேன்னு, பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். அன்னிக்குத்தான் உறைச்சுது. திரும்ப அவரைக் கூட்டிட்டு வந்தது நான் இல்ல, சார்ஜ்தான். என்ன பேசினாங்கன்னு நான் கேக்கல.

அந்த மேஜையைப் பத்தி இன்னொண்ணு. யாரும் யார் முகத்தையும் பாக்க மாட்டாங்க, எல்லார் கண்ணும் அவங்கவங்க முள்ளு மேலதான், அதனாலயோ என்னவோ பேச்சு தானா வரும். தூக்க மாத்திரை, விவாகரத்து, ஜூலை நாலாம் தேதி, இங்க சுதந்திர தினம், அந்த வெடிச் சத்தத்துக்குப் பயந்து பாத்ரூம்ல உக்காந்திருந்தது, இதெல்லாம் "அந்தச் சிவப்பு நூலை இப்படித் தள்ளு"ங்கற பேச்சுக்கு நடுவுல வரும். கவுன்சிலிங் ரூம்ல எதிரெதிர் சோபாவுல இந்தப் பேச்சு வந்து நான் பாத்ததில்ல.

கைக்கான வேலையும் இருந்துச்சு, அது என் பங்கு. அவர் போட்டிருந்தது கேபிள்ல இயங்கற கொக்கிக் கை, தோளை அசைச்சா கொக்கி திறக்கும், ரப்பர் பேண்ட் இழுத்து மூடும். ஒரு பேண்டுக்கு சுமார் ஒரு பவுண்டு பிடி. அவர் அஞ்சு போட்டிருந்தாரு, அந்தப் பிடியில ஃபிஷிங் லைன் வழுக்கிப் போகாம சிக்கிக்கும். குறைச்சுக் குறைச்சுப் பாத்து மூணுல நின்னோம். இரும்பு உரசி லைன் தேயக்கூடாதுன்னு கொக்கிக்கு ரப்பர் ட்யூப் மாட்டினோம். ராட் பிடிச்ச வலது கை ஆள்காட்டி விரல் லைனை அமுக்கிப் பிடிக்கும், பின்னாடி இருந்து கொக்கி இழுக்கும். பார்க்கிங் லாட் ஓரப் புல்லுல ஒரு மாசம் பழகினாரு.

அப்புறம்தான் ஆறு. கன்பவுடர் ஃபால்ஸ், பால்டிமோருக்கு வடக்க. பேரு ஃபால்ஸ்தான், ஆனா அது ஆறுதான். பிரெட்டிபாய் அணையோட அடிமட்டத்துத் தண்ணி வர்றதால கோடையிலயும் சில்லுனு இருக்கும், அந்தக் குளிர்ச்சிக்குத்தான் பிரவுன் ட்ரவுட் மீன் அங்க தானா குஞ்சு பொரிச்சு வளருது. பேருல வெடிமருந்து இருக்கறதை நினைச்சு எனக்குத்தான் முதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு, அவங்க யாரும் அதைக் கண்டுக்கல.

அங்கதான் அவர் பாலத்தைப் பாத்துட்டு நின்னாரு. பக்கத்துல போய் வழக்கம்போல, இங்க ஆபத்து ஒண்ணுமில்லன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள சார்ஜ் மடக்கு நாற்காலியை எடுத்துட்டு வந்து கரையில பாலத்தைப் பாத்த மாதிரி போட்டு உக்காந்துட்டாரு. "தம்பி, பாலத்தை நான் பாத்துக்கறேன். நீ தண்ணியைப் பாரு."

அவ்வளவுதான். ஆபத்து இல்லன்னு சார்ஜ் சொல்லவே இல்ல. காவல் வேண்டாம்னும் சொல்லல. காவலை மாத்திக்கிட்டாரு, பட்டாளத்துல ராத்திரி ட்யூட்டி மாத்திக்கற மாதிரி. கிட்டத்தட்ட ஒரு வருஷமா அவர் தனியா பாத்துட்டு நின்ன காவலை நாங்க எல்லாரும் சேந்து பொய்யின்னு சொல்லிட்டு இருந்திருக்கோம்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

அவர் மெதுவாத் திரும்பினாரு. முதல் வீச்சு அவசரப்பட்டாரு, லைன் பின்னாடி முழுசா நீளறதுக்குள்ள முன்னாடி இழுத்தா சாட்டை மாதிரி படீர்னு சத்தம் வரும், ஃப்ளையும் அறுந்து போகும். அந்தச் சத்தத்துல உடம்பு முழுக்க தூக்கிப் போட்டுச்சு. சார்ஜ் நாற்காலியில இருந்தே, தலையைத் திருப்பாம, "ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பின்னாடி பாரு, லைன் நேரா ஆச்சுன்னு கண்ணால பாத்த பிறகு முன்னாடி வா"ன்னாரு. இது எல்லாப் பயிற்சியாளரும் புதுசா கத்துக்கறவங்களுக்குச் சொல்றதுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, வருஷக்கணக்கா பின்னாடி பாக்காதேன்னு கேட்டுட்டே இருந்த மனுஷன்கிட்ட, பின்னாடி பாக்கறதுதான் சரியான முறைன்னு ஒருத்தர் சொல்றாரு. பாத்தாரு. வீசினாரு. பாத்தாரு. வீசினாரு. ஒரு மணி நேரத்துல சத்தம் நின்னுடுச்சு. அன்னிக்கு மீன் மாட்டல, ரெண்டு மாசம் கழிச்சுதான் மாட்டுச்சு, ஒம்பது இன்ச் இருக்கும், பக்கவாட்டுல சிவப்புப் புள்ளி.

ஆஃபீஸ்ல இதை எழுத ஃபார்ம்ல ஒரு கட்டம் கிடையாது. செவ்வாய்க்கிழமை ரெண்டு மணி நேரம் எனக்கு ஒதுக்கணும்னு கேட்டப்ப, ஆதாரம் என்னன்னாங்க. 2013ல வந்த ஒரு ஆய்வைக் கொண்டு போய்க் குடுத்தேன், பிடிஎஸ்டி உள்ள 74 வெட்டரன்ஸை சில நாள் ஃப்ளை ஃபிஷிங் பயணம் கூட்டிட்டுப் போய், முன்னாடியும் முடிஞ்சப்பவும் ஆறு வாரம் கழிச்சும் அளந்து பாத்தது, பதட்டமும் மனச்சோர்வும் குறைஞ்சிருந்துச்சு, தூக்கமும் சரியாச்சு. படிச்சாங்க, நல்லா இருக்குன்னாங்க, நேரம் குடுக்கல. நான் இன்னும் என் சொந்த நேரத்துலதான் போறேன். இது எனக்கு வருத்தம்தான், ஏன்னா வேலை முடிஞ்சு வீட்டுக்கு ஓட வேண்டிய மத்த தெரபிஸ்டுகளால வர முடியல, அவங்களுக்கும் இதைப் பாக்கற உரிமை இருக்கு.

போன ஜூன் மாசம் திரும்ப அதே இடத்துக்குப் போனோம். சாயந்தரம் சல்ஃபர்னு சொல்ற வெளிர் மஞ்சள் பூச்சி தண்ணியில இருந்து கிளம்பற நேரம், மீனெல்லாம் மேல வந்து வாய் வைக்கும், எல்லாரும் அவசர அவசரமா ஃப்ளை மாத்தறாங்க. சார்ஜுக்கு இப்ப கை நடுங்குது. வெளிச்சமும் குறைஞ்சுடுச்சு, முள்ளோட காதுல தலைமுடி மாதிரி இருக்கற தூண்டில் நரம்பைக் கோக்க மூணு நாலு தடவை முயற்சி பண்ணிட்டு நிறுத்திட்டாரு. என் கை தானா நீண்டுச்சு, இழுத்துக்கிட்டேன்.

அவர் தண்ணியில இருந்து ஏறி வந்தாரு. தோளை ஒரு அசைப்பு, கொக்கி திறந்து ஃப்ளையைக் கவ்வி சார்ஜ் கண்ணுக்கு நேரா நீட்டிப் பிடிச்சாரு. இரும்பு நடுங்காதே. சார்ஜ் ரெண்டு கையாலயும் நரம்பைப் பிடிச்சு, மூச்சை அடக்கி, உள்ள விட்டாரு. முடிச்சை அவரேதான் போட்டாரு, நேரம் ஆச்சு, யாரும் அவசரப்படுத்தல. அதுவரைக்கும் அவர் அப்படியே பிடிச்சுட்டு நின்னாரு, ஆத்தைப் பாத்துக்கிட்டு.