காற்றாடிமலையிலிருந்து ஓரியூர் வரை: வேன் பயணக் குறிப்புகள்

31 ஜனவரி 2025, வெள்ளி, இரவு

வேதசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்களின், தலங்களுக்குப் போகும் இந்தப் பயணத்துக்குத் தன் பெயரைப் பதிவு செய்திருந்தது அம்மா. பொங்கலுக்கு முந்தின வாரம் குளியலறையில் வழுக்கி இடுப்பில் அடி. கட்டின 3,800 ரூபாய் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். சரி, சீட்டு வீணாக வேண்டாமே என்று நான் கிளம்பிவிட்டேன். கடைசியாக இப்படிக் கூட்டமாகத் திருத்தலம் போனது கல்லூரிக் காலத்தில்.

கிளம்பும்போது அம்மா மூன்று வேலை சொன்னார். கோட்டாற்றில் வேதசாட்சி புனித தேவசகாயம் கல்லறையைத் தொட்டுக் கும்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்தி மந்திரித்து வாங்க வேண்டும். புனித அருளானந்தர் வெட்டுப்பட்ட ஓரியூரின் மண் எடுத்து வர வேண்டும். "மத்ததெல்லாம் உன் இஷ்டம். மண்ணை மட்டும் மறந்துடாத."

வேனில் ஃபாதர், சிஸ்டர், டிரைவர் தம்பி உட்பட 21 பேர். எனக்குக் கீழ் வயதில் இருப்பவர்கள் இரண்டே பேர்தான். டோல்கேட் வருவதற்குள் ஒரு செபமாலை முடிந்துவிட்டது. மதுரை தாண்டியதும் விளக்கை அணைத்தார்கள். பின்சீட்டில் உபதேசியார் தாத்தாவின் குறட்டை.

1 பிப்ரவரி, சனி

விடியும் நேரத்தில் முப்பந்தல் காற்றாலைகள். கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஆரல்வாய்மொழி வந்துவிட்டது. முதலில் நாகர்கோவில் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்று ஃபாதர் சொன்னார், பெரியம்மாக்கள் விடவில்லை. முகம் கழுவியது போதும், மலைக்குப் போவோம் என்றார்கள்.

காற்றாடிமலை, மலை என்று சொல்கிற அளவுக்கு உயரமில்லை. பாறையும் முள்ளுமான மேடு. 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயத்தை இங்கேதான் சுட்டார்கள். இன்றைக்கு ஏறுபவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது: மணியடிச்சான் பாறையைச் சின்னக் கல்லால் தட்டுவது. உண்மையாகவே மணிச் சத்தம் வருகிறது. அவர் உயிர் போன வேளையில் இந்தப் பாறை மணியாக ஒலித்தது என்பது ஊர் நம்பிக்கை. நான் ஒரு தட்டு தட்டினேன். அப்புறம் யாரும் பார்க்கவில்லை என்று இன்னொன்று.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன் பிள்ளை, மார்த்தாண்ட வர்மா அரசில் அதிகாரி. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் பிற்பாடு திருவிதாங்கூரின் படைத்தலைவரே ஆனார். குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்த நீலகண்டனுக்கு அவர், எல்லாம் இழந்தும் விசுவாசம் விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னாராம். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம்; பெயர் தேவசகாயம். 1749-ல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் பின்பக்கமாகத் திருப்பி உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அவமானப்படுத்துவதற்காகச் செய்தது. ஆனால் போன ஊரெல்லாம் அவரைப் பார்க்கக் கூட்டம் கூடியதாம். மூன்று வருஷம் இப்படி.

காலை பத்து மணிக்கு மேல்தான் குளியல், இட்லி. பிறகு கோட்டாறு சவேரியார் பேராலயம். பீடத்துக்குப் பக்கத்தில் கல்லறை. மலையில் போட்டுவிட்டுப் போன உடலில் மிஞ்சியதைச் சில நாள் கழித்து எடுத்துவந்து இங்கே அடக்கம் செய்தார்கள். தொட்டுக் கும்பிட்டேன். அம்மாவின் முதல் வேலை முடிந்தது. கல் குளிர்ச்சியாக இருந்தது என்று எழுதலாம். எனக்கு முன்னால் நாற்பது பேர் கை வைத்ததில் சூடாகத்தான் இருந்தது.

மதியம் புலியூர்க்குறிச்சி. தாகத்தில் அவர் முழங்கை முட்டால் இடித்துத் தண்ணீர் வந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறை. குழியில் தண்ணீர் இருந்தது. ஆளுக்கு ஒரு துளி. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உதயகிரிக் கோட்டை. உள்ளே இடிந்த சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இறங்கவில்லை, இவர் புனிதர் இல்லையே என்று. எனக்கென்னவோ இந்த இடம்தான் பிடித்தது. கைதியாக வந்தவர், பிடித்த அரசனுக்கே படை நடத்தி, 1777-ல் இந்த மண்ணிலேயே செத்துப்போனார். நண்பனை அதே அரசின் ஆட்கள் சுட்டபோது மனதில் என்ன ஓடியிருக்கும்? அந்தக் கல்லில் அதைத் தேடி என்ன பயன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில் காலைப் பூசை. மெழுகுவர்த்தி மந்திரித்து, ஏற்றிக்கொண்டு உள்ளே போனோம். அம்மாவின் இரண்டாவது வேலையும் ஆயிற்று. காற்றில் என் திரி மூன்று முறை அணைந்தது. மூன்று முறையும் பக்கத்துப் பாட்டி தன் திரியிலிருந்து ஏற்றித் தந்தார்.

இந்தக் கோயிலைப் பற்றி நான் முன்பே படித்திருந்தேன், வேனில் யாருக்கும் சொல்லவில்லை. பூசை முடிந்ததும் ஃபாதரே பேச்சை எடுத்தார். 1872-ல் கட்டிய கோயில் இது. மேலே இருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும்: இரண்டு நீளக் கூடங்கள் பிரிந்து கிடந்து பீடத்தில் வந்து சேரும். வேளாளர் ஒன்றில், நாடார் மற்றதில். பூசை வைக்கும் சாமியாரை இரண்டு பக்கமும் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. 1910-ல் தடுப்பை இடித்தார்கள். திரும்பக் கட்டித் தரவேண்டும் என்று வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

தேவசகாயம் திருமுழுக்கு பெற்ற ஊரில் இது. எல்லாச் சாதிக்காரரோடும் சமமாகப் பழகினார் என்பதுதான் மேல்சாதியார் அவர்மேல் கொண்ட வெறுப்புக்கு ஒரு காரணம் என்று வத்திக்கானே எழுதியிருக்கிறது. அவர் செத்து 120 வருஷத்தில் அவருடைய மதத்துக்காரர்கள், அவருடைய ஊரில், செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து இதைக் கட்டியிருக்கிறார்கள். கட்டிய கைகளுக்கு அவர் கதை தெரியாமலா இருந்திருக்கும்?

நான் இரண்டு கூடத்திலும் நடந்து பார்த்தேன். இரண்டும் ஒரே நீளம்தான்.

டீக்கடையில் விவாதம் வந்துவிட்டது. 2022 மே 15-ல் புனிதர் பட்டம் கொடுப்பதற்கு முன்பே பெயரிலிருந்த 'பிள்ளை'யை எடுக்கச் சொல்லி ரோமுக்கு மனு போய், எடுத்தும் விட்டார்கள். ஆனால் எங்கள் பெரியம்மா ஒருவர் மன்றாட்டில் இன்றும் 'பிள்ளை' சேர்த்துத்தான் சொன்னார். கேட்டால், "பழக்கம், வேறென்ன" என்கிறார். உபதேசியார் தாத்தா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எங்க ஊர் கல்லறைத் தோட்டத்துல நடுவுல செவுரு இருந்துச்சு. அதுல வாசல் வெச்சப்போ எனக்குக் கல்யாணமே ஆயிருச்சு. எங்க அப்பாவை அந்தப் பக்கம்தான் பொதைச்சோம்." எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. பெரியம்மா அவருக்கு இன்னொரு டீ சொன்னார்.

மாலை மணப்பாடு. மணல் குன்றின்மேல் 1581-ம் ஆண்டின் திருச்சிலுவைக் கோயில், கீழே கடல். 1542-ல் வந்த சவேரியார் தங்கிய குகை பாறைக்கு அடியில் இருக்கிறது. வேதசாட்சி யாரும் இல்லாத ஊர் என்பதாலோ என்னவோ, எல்லோர் முகத்திலும் ஒரு லேசு. சிஸ்டர் அலையில் கால் நனைத்தார். நான் ஓலைப்பெட்டி ஒன்று வாங்கினேன், மூடியோடு, சிவப்பும் பச்சையும் கலந்து பின்னியது. உடன்குடிக் கருப்பட்டியும் ஒரு கிலோ.

3 பிப்ரவரி, திங்கள்

தூத்துக்குடி பனிமய மாதா. இன்று புனித பிளேசியார் திருநாள், அவரும் வேதசாட்சி. பூசைக்குப் பிறகு இரண்டு மெழுகுவர்த்தியைக் குறுக்காகக் கழுத்தில் வைத்துத் தொண்டைக்கு ஆசீர். மூன்று நாளாகப் பாடிப் பாடித் தொண்டை கட்டியிருந்தவர்கள் முண்டியடித்து வரிசையில் நின்றார்கள். மக்ரூன் கடையில் அதைவிடப் பெரிய வரிசை.

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி, இராமநாதபுரம். எனக்கு ஒரு ஆசை இருந்தது: மண்டபம் போகும் வழியில் வேதாளை. 1549-ல் அந்தோணி கிரிமினாலி அங்கே கொல்லப்பட்டார். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபை தொடங்கி ஒன்பதே வருஷம். அந்தச் சபையின் முதல் வேதசாட்சி. படை வந்தபோது கடலில் படகு இருந்தும் ஏறாமல், பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டுக் கரையில் நின்றவர். கை தூக்கச் சொல்லி வாக்கெடுப்பு மாதிரி வேனில் கேட்டார்கள். மூன்று கை உயர்ந்தது. நாளை ஓரியூர் திருவிழா, இடம் கிடைக்காது, நேரே போ என்று முடிவு. கோபமாகத்தான் இருந்தது. திருவிழா இல்லாத சாமிக்கு வேன் நிற்காது போல.

டிரைவர் தம்பிதான் சமாதானம் சொன்னான். அவன் தேவகோட்டைப் பக்கத்து ஆள்; கண்ணாடிக்கு முன்னால் அய்யனார் படம் வைத்திருப்பவன். "அக்கா, எனக்கு மொட்டை போட்டுக் காது குத்துனது ஓரியூர்லதான். நம்ம சாமிதான் அவரு."

இரவு பத்து மணிக்கு ஓரியூர். படுக்க இடமில்லை. வேன் நிழலில் பாய்.

4 பிப்ரவரி, செவ்வாய்

நான்கு மணிக்கே எழுப்பிவிட்டது ஆட்டுச் சத்தம். நேர்ச்சை ஆடுகள். மரத்தடிகளில் அடுப்பு, மொட்டைத் தலைகள், சந்தனம். பாதிக்கு மேல் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள். டிரைவர் தம்பியின் அம்மாவும் சித்தியும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். மதியம் எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

அருளானந்தர் லிஸ்பனில் அரண்மனையில் வளர்ந்த ஜான் டி பிரிட்டோ. மறவ நாட்டில் காவி கட்டிப் பண்டாரசாமியாக வாழ்ந்தவர். அந்நாட்டு இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கச் சொன்னார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி இராமநாதபுரம் அரசர் சேதுபதியின் உறவுப்பெண். அவள் போய் முறையிட்டாள். அதிலிருந்து வந்தது எல்லாம். பிரசங்கத்தில் இன்றும் அவள் வில்லிதான். திடீரென்று ஒரு நாள் நீ மனைவி இல்லை என்று சொல்லப்பட்டவள் வேறென்ன செய்வாள் என்று பக்கத்திலிருந்த சிஸ்டரிடம் கிசுகிசுத்தேன். சிஸ்டர் சிரிக்கவில்லை, "நானும் யோசிச்சிருக்கேன்" என்றார்.

இராமநாதபுரத்தில் வைத்துக் கொல்லச் சேதுபதி தயங்கி, ஓரியூருக்குத் தன் தம்பி உடையத்தேவரிடம் அனுப்பினார். 1693 பிப்ரவரி 4, பாம்பாற்றங்கரையில் தலை வெட்டப்பட்டது. அந்த வருஷம் அது சாம்பல் புதன். 'மனிதனே, மண்ணாய் இருக்கிறாய்' என்று நெற்றியில் சாம்பல் பூசும் நாள். அந்த ரத்தம் பட்டுத்தான் இந்த இடம் சிவந்தது என்கிறார்கள். சுற்றிலும் வெள்ளை மணல், இங்கே மட்டும் செம்மண்.

மண் எடுக்கும் இடத்தில் தள்ளுமுள்ளு. நான் ஓலைப்பெட்டியைத் திறந்து இரண்டு கை அள்ளினேன். டிரைவர் தம்பி கைக்குட்டையில் முடிந்துகொண்டான். உபதேசியார் தாத்தா குனிய முடியாமல் நின்றார். அவருக்கும் ஒரு கை எடுத்துக் கொடுத்தேன். அதை ஒரு பொட்டலம் ஆக்கி, பேனாவால் ஏதோ எழுதினார். கேட்டதற்கு, "அப்பா கல்லறைக்கு" என்றார்.

மதியம் ஆட்டுக்கறிச் சோறு. வேன் கிளம்பியதும் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"மண்ணு எடுத்தியா?"

"எடுத்தாச்சும்மா. பெட்டி நிறைய."

"எதுக்கு அவ்வளவு? எல்லாரும் கேப்பாங்கன்னா?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, வடக்கு வீதி அக்காவுக்கும் தனியா ஒரு பொட்டலம் கட்டி வெச்சிடு. கேக்க மாட்டா, ஆனா எதிர்பார்ப்பா."