ஷட்டரே இல்லாத ஐந்து அணைகள்

அணை என்றாலே தேங்கி நிற்கும் தண்ணீர்தான் நமக்கு ஞாபகம் வரும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிரேட் மயாமி ஆற்றுப் படுகையில் உள்ள ஐந்து அணைகள் வருஷத்தில் பெரும்பாலான நாள் காலியாகவே கிடக்கும். உள்ளே விவசாயம்கூட நடக்கிறது!

1913 மார்ச் வெள்ளத்தில் டேட்டன் நகரம் மூழ்கியது. படுகை முழுக்க 360 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அரசாங்கத்துக்காகக் காத்திராமல் மக்களே 20 லட்சம் டாலர் திரட்டினார்கள். 1913 வெள்ளத்தைவிட 40 சதவீதம் பெரிய வெள்ளத்தையும் தாங்கும்படி பொறியாளர் ஆர்தர் மார்கன் திட்டம் போட்டார்.

எனக்குப் பெரிய மலைப்பு அந்த மதகுகள்தான். மண்கரைக்கு அடியில் கான்கிரீட் வழி, எப்போதும் திறந்தே இருக்கும். கீழே ஆறு தாங்கும் அளவுக்குத்தான் தண்ணீர் அதில் போக முடியும். மிச்சம் தானாகவே பின்னால் தேங்கி, மெல்ல வடியும். திறக்கலாமா வேண்டாமா என்று நடுராத்திரியில் யாரும் தவிக்க வேண்டியதில்லை. வெளிவாயில் படிகள் கட்டி, சீறி வரும் நீரை அங்கேயே கொந்தளிக்கவிட்டு வேகத்தை அடக்கினார்கள்.

1918இல் தொடங்கி 1922இல் கட்டி முடித்தார்கள். தொழிலாளர் முகாம்களில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தியிருக்கிறார்கள், அதற்கே ஒரு கும்பிடு. இதுவரை 2000 தடவைக்கு மேல் வெள்ளநீரைப் பிடித்து வைத்திருக்கின்றன இந்த அணைகள்.