பிப்பெட் குமிழுக்குள் திரவ கார்பன் டை ஆக்சைடு

கார்பன் டை ஆக்சைடு திரவமாகிறதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று செல்லூர் வீட்டு மொட்டை மாடியில் மூன்று ஞாயிறாக முயன்றேன். கல்யாண மேடையில் புகை போடும் அண்ணன் ஒருவர் டிரை ஐஸ், அதாவது திடமாக உறைந்த கார்பன் டை ஆக்சைடு, கொடுத்தார். "வெறுங்கையில தொட்றாதப்பா, தோலு பொத்துப் போகும்" என்று சொல்லித் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கட்டினார்.

திறந்த வெளியில் டிரை ஐஸ் உருகாது. மைனஸ் 78.5 டிகிரியில் நேராக வாயுவாகிவிடும். திரவம் வேண்டுமென்றால் குறைந்தது 5.1 வளிமண்டல அழுத்தம் வேண்டும். பைக் டயரில் அடிக்கிற காற்றைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைப் பிளாஸ்டிக் பிப்பெட்டின், அதாவது சொட்டு விடும் குழாயின், குமிழ் சிறிது நேரம் தாங்கும். கண்ணாடிக் குப்பியில் யாரும் முயல வேண்டாம், சிதறிவிடும்.

முதல் ஞாயிறு மதியம், நுனியை வெட்டி, பொடித்த டிரை ஐஸை உள்ளே தட்டி, கழுத்தை மடித்துக் குறடால் இறுக்கி, மாடித் தொட்டித் தண்ணீரில் முக்கினேன். வெயிலில் கொதித்த தண்ணீர். எதையும் பார்ப்பதற்குள் குமிழ் வெடித்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் பிழைத்தது. அடுத்த வாரம் குறடு வழுக்கியது.

மூன்றாம் வாரம் காலை ஆறு மணிக்கு, பானைத் தண்ணீரில். சில நொடிகளில் வெள்ளைப் பொடி ஓரத்தில் ஈரமாகி, பிறகு தெளிந்த நீர்போல் உள்ளே தளும்பியது! குறடைத் தளர்த்தியதும் அப்படியே பனித்தூளாக உறைந்தது. மறுபடி இறுக்கினேன், மறுபடி உருகியது. நான்கு முறை செய்தேன். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இங்கே குளிர் முன்னமே டிரை ஐஸில் இருந்தது. வாயுவிலிருந்து தொடங்கினால் அழுத்தம் மட்டும் போதாது. கார்பன் டை ஆக்சைடுக்கு 31 டிகிரிதான் எல்லை என்று அயர்லாந்து வேதியியலாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869இல் காட்டினார். அதற்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது. ஆகவே சித்திரை வெயிலில், 38 டிகிரியில், எங்கள் மாடியில் கிடக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் ஒரு சொட்டுத் திரவமும் இருக்காது. ஆக்சிஜனுக்கு அந்த எல்லை மைனஸ் 118.6. பிரெஞ்சு அறிவியலாளர் கய்யேத்தே 1877இல் ஆக்சிஜனை 300 வளிமண்டலம் வரை அமுக்கிக் குளிர்வித்து, சட்டென்று விரிய விட்டபோதுதான் மூட்டமாகத் தெரிந்தது.

அடுத்து பியூட்டேன். அது மைனஸ் அரை டிகிரியிலேயே திரவமாகும். உப்புப் போட்ட ஐஸ் போதும். எரியும் வாயு என்பதால் அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாத மாடியிலேயே செய்யப் போகிறேன்.