‘நுவர’ பஸ்ஸில் ஏறினால் நுவரெலியா வராது

இலங்கை மலைநாட்டு நுவரெலியாவுக்குப் போய் வந்து இரண்டு நாளாகியும் எரிச்சல் தீரவில்லை, அதனால் பஸ் கதையே முதலில். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் “நுவர, நுவர, நுவர” என்று கூவினால், நுவரெலியாவைத்தான் சுருக்கிச் சொல்கிறார் என்று நினைத்துத் தாவி ஏறிவிடாதீர்கள். அந்த பஸ் கண்டிக்குப் போகிறது. சிங்களத்தில் ‘நுவர’ என்றால் நகரம். 1815 வரை ராஜா இருந்த நகரம் கண்டி என்பதால் அதற்கு ‘மகாநுவர’ என்று பேர், பேச்சில் அது வெறும் ‘நுவர’.

ஹட்டனிலிருந்து இரண்டும் எதிரெதிர்த் திசை. கண்டி வண்டி கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கிக்கொண்டே போகும். நுவரெலியா வண்டி கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று ஏறும். தூக்கம் கலைந்து பார்க்கும்போது வெக்கை கூடிக்கொண்டே போனால் தவறான வண்டி. கண்டி ஏறத்தாழ 500 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868 மீட்டர். பாதி வழியில் இறங்கி எதிர்ப்பக்கம் நின்று இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டும், காசு தண்டம். சொல்லின் தலையைக் கேட்காதீர்கள், வாலைக் கேளுங்கள். ‘எலிய’ காதில் விழுந்தால் மட்டும் ஏறலாம்.

‘எலிய’ என்றால் வெளிச்சம். தமிழ்க் காதுக்கு அது “எலியா?” என்றுதான் கேட்கும். அங்கே சில விடுதி அறைகளின் அளவைப் பார்த்தால் நம் காதுதான் சரியோ என்று தோன்றும். எலி வளையானாலும் தனி வளை என்பார்களே, ஏப்ரல் சீசனில் அந்த வளைக்கும் இரட்டை வாடகை கேட்பார்கள். சுடுதண்ணி வாடகைக்குள் அடக்கமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ஆட்டோ. விலை கேட்டால் “அட்டசீய” என்பார்கள். ‘அட்ட’ எட்டு, ‘சீய’ நூறு, ஆக எண்ணூறு ரூபா. மலைப்பக்கம் போகிற தமிழருக்கு ‘அட்ட’ என்றாலே கால் கூசும், மழையில் புல்லுக்குள்ளிருந்து ஏறுகிற அட்டைதான் நினைவுக்கு வரும். பெரிய வித்தியாசமில்லை, இரண்டும் உறிஞ்சும். இன்னொரு கண்ணி: ‘ட’வை அழுத்தினால் எட்டு, மெதுவாக ‘அட’ என்றால் பாதி. சிங்களத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் சொல்லின் நடுவே வல்லினம் ஒற்றையாக வந்தால் மென்மையாகத்தான் ஒலிக்கும், அழுத்த வேண்டுமானால் இரட்டித்துத்தான் எழுத வேண்டும். அதனால் அவர்கள் ஒற்றையாகச் சொல்வதும் நமக்கு இரட்டையாக விழுகிறது. தொகையைப் போனில் தட்டிக் காட்டச் சொல்வதுதான் பாதுகாப்பு.

இதே குளறுபடி ஒரு நல்லதும் செய்கிறது. விலையைக் கேட்டு வாயைப் பிளந்து “எப்பா!” என்றால், அது அவர்கள் மொழியில் ‘வேண்டாம்’. பேரத்துக்கு இதைவிடச் சிக்கனமான சொல் கிடையாது. சொல்லிவிட்டு நாலடி நடந்து பாருங்கள், விலை இறங்கும்.

சிங்களம் வேண்டாம், நம் தமிழிலேயே காலை வாருகிற சொற்கள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: தேயிலைத் தோட்டத்தில் ‘லயம்’ என்றால் தாளமில்லை, வரிசை வீடு. ஆங்கில ‘லைன்’ திரிந்து வந்தது. ‘பெரட்டு’ கறியுமில்லை. காலையில் ஆளைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடம் பெரட்டுக்களம், அது ‘பரேட்’டின் திரிபு. கடையில் ‘பாண்’ கேட்டால் வெற்றிலை வராது, ரொட்டி வரும். அது போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல்.

இனி சாப்பாடு. இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு உண்மையான மதிப்பு கிடைத்தது இதில்தான். ரோட்டோரக் கடை வாசலில் நிற்கிற அம்மா “கன்ன என்ன” என்று கூப்பிடுவார். “கண்ணா, என்ன?” என்று பாசமாக விசாரிப்பதாக நினைத்து “ஒண்ணுமில்லைம்மா” என்று பதில் சொல்லிவிட்டு நடந்தால் நஷ்டம் உங்களுக்கு. ‘கன்ன’ சாப்பிட, ‘என்ன’ வாங்க. சாப்பிட வாங்க என்கிறார். சூத்திரம் எளிது: வினையின் வாலில் உள்ள ‘னவா’வை எடுத்துவிட்டு ‘ன்ன’ போட்டால் மரியாதையான வேண்டுகோள். யனவா, யன்ன (போங்க). எனவா, என்ன (வாங்க). கனவா, கன்ன (சாப்பிடுங்க). ‘கனவா?’ என்று தோன்றினால், அது கனவில்லை, சாப்பாடு.

உங்களை ‘மல்லி’ என்றால் கொத்தமல்லி இல்லை, தம்பி. ‘ஐயா’ என்றால் பெரியவர் இல்லை, அண்ணன். நாற்பது வயதுக்காரரை மரியாதையாக ஐயா என்று நீங்கள் அழைத்தால் அவர் கோபிக்க மாட்டார், உரிமையோடு இன்னொரு அகப்பை சோறு போடுவார். ‘அப்பச்சி’தான் தலைசுற்ற வைக்கும். கண்டிப்பக்கச் சிங்களத்தில் அது அப்பா. யாழ்ப்பாணத்து அப்பாச்சி அப்பாவின் அம்மா. கொங்குநாட்டு அப்புச்சியோ அம்மாவின் அப்பா.

‘பொல் ரொட்டி’ கட்டாயம் கேளுங்கள். ‘போல்’ என்று நீட்டிவிட்டால் போலி ரொட்டி மாதிரி ஆகிவிடும். ‘பொல்’ தேங்காய். இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு துருவல், உப்பு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணி. தடியாகத் தட்டி, எண்ணெய் இல்லாத கல்லில் மெதுவான தீயில் சுடுவார்கள். தீ அதிகமானால் வெளியே கருகி உள்ளே மாவாகவே நிற்கும், அப்படி வந்தால் திருப்பிக் கொடுங்கள். கூட ‘கிரி தே’ வாங்கிக்கொள்ளுங்கள். மலையில் இருக்கும்போது கிரி என்றால் மலைதானே தோன்றும்? இது பால், பால் தேத்தண்ணி.

சைவக்காரர்கள் மட்டும் கவனம். “மஸ் எப்பா” என்றால் இறைச்சி வேண்டாம் என்று மட்டும்தான் அர்த்தம், மீன் குழம்பு தாராளமாக வரும். மாலைதீவுக்காரர் வாயில் அதே ‘மஸ்’ மீன். ஒன்று மாம்சம் தேய்ந்தது, மற்றது மத்ஸ்யம் தேய்ந்தது. எனவே “மாலு எப்பா” (மீன் வேண்டாம்) என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னாலும் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கிற லுணு மிரிஸ் என்ற சிவப்புச் சம்பலில் பெரும்பாலும் மாசிக் கருவாடு இடித்திருப்பார்கள். அதற்குப் பேர் ‘உம்பலகட’. போட்டிருக்கிறதா என்று கேட்டபிறகு கையை வையுங்கள்.